கூட்டு மனக் கதைகள்: உங்களை இன்னும் விடாமல் உறுத்தும் காட்சி எது?

மாடிப்படி

‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடர் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி: ‘போர்க்’ (Borg) என்பது, பிடித்தவர்களின் உடம்பில் கருவிகளைப் பதித்து எல்லோரையும் ஒரே மனமாக இணைத்துவிடும் கூட்டம். 1997இல் வந்த ‘தி கிஃப்ட்’ அத்தியாயம். போர்க் கூட்டத்தோடு செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணுக்கு இருந்த இணைப்பை அறுத்தாகிவிட்டது. உடம்பில் மனித நோய் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு, பதித்து வைத்திருக்கும் கருவிகளை எதிர்க்கத் தொடங்குகிறது. அவற்றை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும். அவளோ தொடாதே, திருப்பி அனுப்பு என்கிறாள்.

கப்பலின் மருத்துவர் தயங்குகிறார். நோயாளி வேண்டாம் என்று சொன்னால், உயிரே போகும் நிலையிலும் அதை மதிக்கக் கடமைப்பட்டவன் நான் என்று கேப்டன் ஜேன்வேயிடம் சொல்கிறார். ஜேன்வே, இது சாதாரண நோயாளி இல்லை, அறுவையைச் செய்யுங்கள் என்கிறார். பிறகு செவனிடமே சொல்கிறார்: உன்னைக் கூட்டத்தில் சேர்த்த கணத்திலேயே யோசித்து முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டாய், அது திரும்பிவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வரும்வரை உனக்காக நான்தான் முடிவெடுப்பேன். அப்படியானால் உங்களுக்கும் போர்க் கூட்டத்துக்கும் வேறுபாடே இல்லை என்கிறாள் அவள்.

இதைக் கல்லூரி விடுதியின் பொதுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கூட இருந்த அத்தனை பேரும் ஜேன்வே பக்கம். ஆறு வயதில் தூக்கிக்கொண்டு போன குழந்தையை மீட்டிருக்கிறார்கள், இதில் என்ன கேள்வி? கடைசிக் காட்சியில் செவன் தானாகவே, நீங்கள் சொன்ன அந்தச் சிறுமிக்குப் பிடித்த நிறம் சிவப்பு என்று சொன்னபோது கைதட்டக்கூடச் செய்தார்கள். எனக்குத்தான் தொண்டையில் ஏதோ நின்றது. அறுவைக்குப் பிறகு உருவான ஒருத்தி நன்றி சொன்னால், அறுவைக்கு முன் மறுத்தவள் சம்மதித்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாமா?

உங்களுக்கும் இப்படி ஒரு காட்சி இருந்தால் எழுதுங்கள். வாயேஜர்தான் வேண்டும் என்றில்லை.

செவ்வந்தி

எனக்கு அது ஹ்யூ, போர்க் கூட்டத்திலிருந்து தனியாகப் பிடிபட்ட பையன். 1992, ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘ஐ, போர்க்’ அத்தியாயம். எல்லோரும் கப்பலின் பொறியாளர் ஜோர்டி அவனுக்குப் பெயர் வைத்த காட்சியைத்தான் சொல்வார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது கேப்டன் பிக்கார்டின் அறை. முன்பு போர்க் கூட்டம் தன்னைப் பிடித்து லோக்யூட்டஸ் என்று மாற்றிவைத்திருந்தபோது பேசிய அந்தப் பழைய குரலில் பிக்கார்ட் பேசுகிறார்: இந்தக் கப்பலைக் கைப்பற்ற உதவு என்று ஆணையிடுகிறார். ஜோர்டி அதை விரும்பமாட்டான் என்று சொல்லி அந்தப் பையன் மறுக்கிறான். அதுவரை அந்தப் பையனைக் கிருமியாக்கி அனுப்பி முழுக் கூட்டத்தையும் அழிக்கத் திட்டம் போட்டிருந்தவர் பிக்கார்ட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் சம்மதம் இல்லாமல் ஆயுதமாக்கப்பட்டவர், வுல்ஃப் 359 விண்வெளிச் சண்டையில் முப்பத்தொன்பது கப்பல்கள் அழியத் தன் அறிவே பயன்பட்டதைப் பார்த்தவர், அதே வேலையை இன்னொருவன்மேல் செய்யப் பார்க்கிறார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மாடிப்படி, உங்கள் கேள்விக்கு இந்த அத்தியாயம் நல்ல பதில் தருகிறது என்று நினைக்கிறேன். ஹ்யூவிடம் கேட்டார்கள். இங்கேயே இருக்கிறாயா, போகிறாயா என்று. தங்கினால் கூட்டம் தேடி வந்து கப்பலை அழிக்கும் என்று தெரிந்து அவன் திரும்பிப் போகிறேன் என்றான். ஜேன்வேயும் கேட்டிருக்கலாமே.

மாடிப்படி

செவ்வந்தி, கேட்டார்கள்தான். ஆனால் 1993இல் வந்த ‘டிசென்ட்’டைச் சேர்த்துப் பாருங்கள். ஹ்யூவின் ‘நான்’ அவன் திரும்பிச் சேர்ந்த கூட்டத்துக்குள் பரவி, என்ன செய்வது என்றே தெரியாமல் தடுமாறிய அத்தனை பேரையும் லோர் என்ற இயந்திர மனிதன் தன் அடிமைகளாக்கிக்கொண்டான். பின்விளைவை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று பிக்கார்டின் எண்டர்பிரைஸ் கப்பல் ஆட்களிடம் ஹ்யூவே கோபப்படுகிறான். ஹ்யூவிடம் சம்மதம் வாங்கினார்கள், சரி. அவனோடு இணைந்திருந்த மற்றவர்களிடம் யார் வாங்கியது? தனித்தன்மையும் அங்கே தொற்றுநோயாகத்தான் போய்ச் சேர்ந்தது.

பெட்டித்தேன்

மார்த்தாண்டம் பக்கம். தேனீ வளர்ப்பு எங்கள் குடும்பத் தொழில். இந்தக் கதைகளை எல்லாம் ‘தேன்கூட்டு மனம்’ என்று சொல்லிச் சொல்லித் தேனீக்களின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். அந்த எரிச்சலில் எழுதுகிறேன்.

1996இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ படத்தில் போர்க் ராணி என்று ஒருத்தியைக் கொண்டுவந்து மேலே உட்கார வைத்தார்கள். தலையும் தோளும் முதுகெலும்பும் தொங்கியபடி இறங்கி உடம்போடு பூட்டிக்கொள்ளும் அந்தக் காட்சி அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கூட்டில் ராணி ஆணையிடுகிறாள்? அவள் முட்டையிடுகிறாள், அவ்வளவுதான். கூட்டம் பிரியும் பருவத்தில் பணித்தேனீக்கள் அவளுக்குத் தீனியைக் குறைத்து, உலுக்கி உலுக்கி, பறக்கும் அளவுக்கு உடம்பை இளைக்கவைத்து வெளியே தள்ளிக்கொண்டு போகின்றன. சம்மதம் கேட்பது என்று பார்த்தால் முதலில் ராணியிடம்தான் கேட்கவேண்டும்!

ஒரு தடவை ரப்பர் மரக்கிளையில் கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்துப் பெட்டியில் விடுவதற்குத்தான் போனேன், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கொத்தின் மேல்பரப்பில் ஒரு தேனீ கிழக்கே ஏதோ பொந்தைக் காட்டி ஆடுகிறது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று வேறு திசையைக் காட்டி ஆடுகிறது. முதலில் இரண்டுக்கும் ஆள் இருந்தது. வெயில் ஏற ஏறக் கிழக்கே காட்டியதற்குக் கூட்டம் குறைந்தது. கடைசியில் அதுவும் ஆடுவதை நிறுத்திவிட்டது. அதை யாரும் அடிக்கவில்லை, கொல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். புது இடத்தில் குறிப்பிட்ட அளவு சாரணத் தேனீக்கள், அதாவது இடம் தேடிப் போகும் தேனீக்கள், சேர்ந்ததும் முடிவு உறுதியாகிறது என்கிறார். மாற்றுக் கருத்துக்காரியைத் தலையால் முட்டி ‘நிறுத்து’ என்று சொல்லும் ஒரு குறியும் உண்டு என்று அவர் குழு 2012இல் எழுதியது. முட்டுவதும் ஒரு வாதம்தான். போர்க் கூட்டத்தில் வாதம் எங்கே? அது கூடே இல்லை, ஒரு பட்டாளம்.

செவ்வந்தி

பெட்டித்தேன் அண்ணா, தனியாக ஒரு பணித்தேனீ முட்டையிட்டால் மற்றவை அதைத் தின்றுவிடும் என்பதையும் எழுதியிருக்கலாம்.

பெட்டித்தேன்

தின்னும். மறுக்கவில்லை. அதனால்தான் நான் கூட்டைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை.

கடலோரம்

‘ப்ளூரிபஸ்’ தொடரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே? உலகமே ஒரே மனமாகிவிட, சேராமல் மிஞ்சிய சிலரில் ஒருத்தி கரோல்; அந்தக் கூட்டம் அவளுக்குத் துணையாக அனுப்பியவள் ஸோஷா. இதற்குமேல் விளக்கமாட்டேன். எல்லோரும் கரோல் கேட்டு வாங்கிய அணுகுண்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு 2025 டிசம்பரில் வந்த கடைசி அத்தியாயத்தின் தொடக்கம்தான் போதும், போதும் என்றிருக்கிறது. பெரு மலைக்கிராமத்தில் குசிமாயு என்ற பெண். கூட்டத்தில் சேராமல் மிஞ்சியவர்களில் ஒருத்தி, சேர விரும்புகிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சுற்றி உறவினர்கள் பாடுகிறார்கள், அவள் மடியில் ஆட்டுக்குட்டி. கூட்டத்தில் சேர்க்கும் புகை போன்ற ஆவியை உள்ளிழுக்கிறாள். உடம்பு அதிர்ந்து அடங்குகிறது. புன்னகையோடு எழுகிறாள். பாட்டு பாதியில் நிற்கிறது, அது அவளுக்காகப் பாடியது, இனி தேவையில்லை. வேலையைப் பார்க்கக் கலைந்து போகிறார்கள். குட்டி கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சம்மதம் முழுமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சம்மதத்தைத் தந்தவள் அடுத்த நொடியில் இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல, மனத்தை மாற்றிக்கொள்ள, யாரும் மிச்சமில்லை. விலக வழியில்லாத ஒன்றுக்குச் சொல்லும் ‘சரி’யை நான் சம்மதம் என்று ஏற்கமாட்டேன்.

அதே அத்தியாயத்தில்தான் கரோலின் கருமுட்டை விஷயமும் வருகிறது. அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உயிரைக் கொல்லமாட்டார்கள், அவளைக் கூட்டத்தில் சேர்க்கத் தேவையான குருத்தணுவை (ஸ்டெம் செல்) அவள் அனுமதி இல்லாமல் அவள் உடம்பிலிருந்து எடுக்கமாட்டார்கள். மறுக்கிறேன் என்று தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். வாக்கை மீறவில்லை, அவள் பல ஆண்டுகளுக்கு முன் உறைய வைத்திருந்த முட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். உடம்பைத் தொடவில்லையே! நான் கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். உறைநிலைத் தொட்டியின் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரைவரை வழியும். உள்ளே ஒவ்வொரு குழாயிலும் ஒரு பெயர், ஒரு எண், அதற்கு ஒரு கையெழுத்து. இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது. கருப்பைக்குள் வைக்கும் வரை தம்பதி சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அன்றிரவு தொடரைப் பார்த்துவிட்டு, மறுநாள் அந்தத் தொட்டிக்கு நைட்ரஜன் ஊற்றும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

இரவுப்பணி

செவிலியர். மனநலப் பிரிவில் நீண்ட காலம் இருந்தேன். என் கதை சின்னது. ஜேன்வே சொன்ன வாக்கியத்தை நான் வார்டில் நேரில் கேட்டிருக்கிறேன். ஊசி போடவேண்டாம் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய ஒரு அம்மாவிடம், உனக்கு இப்போது எதுவும் புரியாது, தெளிந்ததும் நீயே நன்றி சொல்வாய் என்று மூத்த மருத்துவர் சொன்னார். தெளிந்தபிறகு அந்த அம்மா யாருக்கும் நன்றி சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

மாடிப்படி, நீங்கள் கேட்டது சரி, ஆனால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். திறன் இல்லாதபோது யாரோ ஒருவர் முடிவெடுக்கத்தான் வேண்டும், வார்டில் நிற்பவர்களுக்கு அது தெரியும். ‘எனக்கு நம்பிக்கை வரும்வரை’ என்றார் பாருங்கள், குற்றம் அங்கே இருக்கிறது. பிடித்து வைத்திருப்பவரும் அவரே, தேறிவிட்டாயா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. நம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இரண்டையும் பிரிக்க முயல்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே முடிவெடுக்கும் திறன் இல்லை என்று யாரும் முடிவுகட்டக்கூடாது. மற்றவர்கள் பார்வைக்கு அவர் முடிவு தவறாகத் தெரிகிறது என்பதும் காரணமாகாது. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில், அவருக்காகப் பேசுபவரின் விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டவரை முதலில் முப்பது நாளுக்கு மேல் வைக்க முடியாது. மேல்முறையீட்டுக்கு மறுஆய்வு வாரியம் இருக்கிறது. வாயேஜரில் வாரியம் எங்கே? பூமிக்கு எழுபது ஆண்டு தூரத்தில் கேப்டன்தான் எல்லாம்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். அந்தச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி, வயது வந்த யாரும் ‘முன்கூட்டிய அறிவுறுத்தல்’ எழுதிவைக்கலாம். இதற்கு முன் மனநோய் வந்திருக்கவேண்டும் என்றில்லை. எனக்கு இப்படி ஆனால் இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், எனக்காகப் பேச இன்னாரை நியமிக்கிறேன் என்று தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே எழுதுங்கள். அப்பா, அண்ணன் என்று வழக்கம்போலப் போடாமல், உங்கள் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்கும் ஆளைப் போடுங்கள். எழுதிவிட்டு அலமாரியில் பூட்டாதீர்கள், அந்த ஆளிடம் ஒரு பிரதி, மருத்துவரிடம் ஒரு பிரதி. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். சாவு, பைத்தியம் என்று பேசினாலே வாயில் போட்டுக்கொள்ளும் வீடுகளில் இது கஷ்டம். ஆனாலும் பேசுங்கள்.

கடலோரம்

இரவுப்பணி அக்கா, செவனுக்கு ஆறு வயதில் யார் எழுதிவைத்திருப்பார்கள்?

இரவுப்பணி

சிறுவர்களுக்குப் பாதுகாவலர் எழுதலாம். அவள் பெற்றோரே அவளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போர்க் கூட்டத்தைத் துரத்தியவர்கள் ஆயிற்றே, அங்கேதான் எனக்கும் பதில் இல்லை.

பனைநிழல்

பெற்றோர் என்றதும் எழுதத் தோன்றுகிறது. கொழும்பில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஆர்தர் சி. கிளார்க்கின் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ நாவலை வாங்கினேன். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். எங்கள் ஊர்க்காரர் எழுதியது என்ற உரிமையோடு வாங்கினேன். புத்தகம் 1953, அவர் இங்கே வருவதற்கு முன்னால் எழுதியது.

தொட்டிலில் குழந்தை ஜெனிஃபர். அறையில் கிலுகிலுப்பை தாளம் தப்பாமல் ஒலிக்கிறது. தாய் எட்டிப் பார்க்கிறாள், கிலுகிலுப்பையைப் பிடித்திருக்கும் கை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு உலகத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பெற்றோரை விட்டு, பெயரை விட்டு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் ஒன்றாகிப் போகிறார்கள். கெட்டவர்கள் என்று கதையில் யாரும் இல்லை. பூமியை மேற்பார்க்க வந்த வேற்றுக்கிரகவாசி காரெல்லன் பாவம், அவனுக்கே அந்தப் பெருமனத்தில் இடமில்லை. அவன் மனிதகுலத்துக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவன் மாதிரி.

நீங்கள் எல்லோரும் சேர்பவரின் சம்மதத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் மிச்சமாகும் அந்தத் தாயைத்தான் நினைக்கிறேன். அவளிடமும் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அது வளர்ச்சி என்கிறது கதை. புத்தகத்தின் முகப்பிலேயே, இதில் சொல்லப்படும் கருத்துகள் ஆசிரியருடையவை அல்ல என்று கிளார்க் ஒரு வரி போட்டிருக்கிறார். நல்ல ஆள்.

மாடிப்படி

பனைநிழல், அந்த வரிக்கு நன்றி, மறந்தே போயிருந்தது.

இரவுப்பணி சொன்னதை வைத்துப் பார்த்தால் 1999இல் வந்த ‘சர்வைவல் இன்ஸ்டிங்ட்’ என்ற வாயேஜர் அத்தியாயம் வேறு மாதிரி தெரிகிறது. முன்பு செவனோடு ஒரே குழுவில் இருந்த மூவர் வருகிறார்கள். கூட்டத்தை விட்டு வந்தும், ஒருவர் எண்ணம் இன்னொருவர் தலைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பிணைப்பைப் போட்டதே செவன்தான். விபத்தில் கூட்டத்தின் தொடர்பு அறுந்து, தன் நினைவு திரும்பத் தொடங்கியவர்களை, வேண்டாம் என்று மன்றாட மன்றாட, அவளே மறுபடி இழுத்து இணைத்தாள். இப்போது மூவரும் மயங்கிக் கிடக்கிறார்கள். பிணைப்பை அறுத்தால் ஒரு மாதம் அளவுக்குத் தனி மனிதர்களாக வாழலாம். கூட்டத்துக்கே அனுப்பினால் முழு ஆயுள். மருத்துவர் செவனிடம் முடிவைக் கேட்கிறார். உயிரோடு இருப்பது மட்டும் போதாது என்கிறாள் அவள்.

மூவரும் விழித்ததும், மாரிகா என்பவள் மட்டும் செவனிடம் நேராகவே சொல்கிறாள்: நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று புரிகிறது, மன்னிக்க முடியவில்லை. சிவப்பு நிறக் காட்சியில் செவனிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது இந்த மாதிரி ஒரு வாக்கியம்.

செவ்வந்தி

அப்படியானால் செவனும் ஜேன்வேயும் ஒன்றுதான் என்கிறீர்களா? நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். செவன் முடிவெடுத்தபோது அந்த மூவரும் ஏற்கெனவே, விழிப்போடு, எங்களைப் பிரித்துவிடுங்கள் என்று கேட்டுக் கப்பல் ஏறியவர்கள். ஜேன்வேயிடம் செவன் கேட்டது நேர் எதிர்.