மேலுதட்டிலும் தாடையிலும் முடி: நம் இராமநாதபுரம் கடற்கரைப் பெண்களின் அனுபவங்கள்

மண்டபம், பார்லர் நடத்துபவர்:

வீட்டின் முன்னறையில் சிறிய பார்லர் வைத்திருக்கிறேன். புருவம் திருத்த வருபவர்களில் பலர், அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் தாடையைத் தொட்டு, "அக்கா, இதையும் எடுத்துவிடுங்கள்" என்பார்கள். அந்தக் குரல் தாழ்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். வீட்டார் எழுவதற்கு முன் எழுந்து, கதவைத் தாழிட்டு, கணவரின் பிளேடால் இழுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமலே காலம் தள்ளுகிற பெண்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவரவர் அனுபவத்தை நாமே பேசிக்கொள்ளலாம் என்றுதான் தொடங்குகிறேன்.

நான் முதலில் பார்ப்பது அது பூனைமுடியா, கட்டைமுடியா என்பதை. பூனைமுடி எல்லாப் பெண்களுக்கும் உண்டு. எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். தாடையின் அடியிலும் கழுத்திலும் கருத்து, விரலில் குத்துகிற முடி இருந்தால் நூலைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்டுவிடுவேன். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறதா? உடம்பு எடை போட்டிருக்கிறதா? பின்கழுத்தில் அழுக்கு என்று நினைக்கும்படி கருமை படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் "ஆமாம்" என்று பதில் வந்தால் பெரும்பாலும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கும். ஆண்ட்ரோஜன் என்ற ஆண் சுரப்பு பெண் உடம்பிலும் சிறிதளவு உண்டு. அது கூடினாலோ, முடிவேர்கள் அதற்கு அளவுக்கு மேல் இணங்கினாலோ பூனைமுடி கட்டைமுடியாகிறது. என் நூல் முடியைத்தான் எடுக்கும், சுரப்பைத் தொடாது. இதைச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புவதால் எனக்கு வருமானம் குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சில மாதங்களுக்குள் முடி திடீரென்று அடர்ந்து, குரலும் கட்டையாகி, நெற்றியோரம் முடி கொட்டத் தொடங்கினால் பார்லர் பக்கமே வராதீர்கள். சினைப்பையிலோ, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். வெயிலில் முகம் கருத்துவிட்டது என்று யாரோ சொன்ன கிரீமை மாதக்கணக்கில் பூசியிருக்கிறாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது. விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தேன். கன்னத்துத் தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, அடியில் சிவப்பு நரம்புகள் ஓடுவது தெரிந்தது. இரண்டு கன்னங்களிலும் காதோரத்திலிருந்து வாய்வரை முடி படர்ந்திருந்தது. அவளுக்கு மாதவிலக்கில் கோளாறு இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இல்லை. பையிலிருந்த டியூபை வாங்கி, பொடி எழுத்தைப் படித்தேன்: மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின். முதலில் இருப்பது ஸ்டீராய்டு. அதைத் தொடர்ந்து பூசினால் முகத்தில் முடி முளைக்கும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் இத்தகைய கிரீம்களை விற்கக்கூடாது என்று 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. ஆனாலும் ஷாம்பு கேட்பதுபோல் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அன்று நான் அவளுக்கு நூல் போடவில்லை. அந்தத் தோல் தாங்காது. நீங்களாகச் சட்டென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும் என்பதால், தோல் மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாக விடச் சொல்லி அனுப்பினேன். வெளுப்பு கிரீம் பூசும் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்றே அந்த டியூபைத் திருப்பிப் படியுங்கள்.

கீழக்கரை, இரண்டு பிள்ளைகளின் தாய்:

மண்டபம் அக்காவுக்கு நன்றி. எங்கள் வீட்டில் இதற்கு வேறொரு தடையும் இருந்தது. புருவ முடியைப் பறிப்பதை நபிமொழியான ஹதீஸ் கண்டிக்கிறது என்பதால் மேலுதட்டில் கை வைப்பதும் பாவம் என்று உம்மம்மா நினைத்திருந்தார். நாங்கள் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். அந்த மத்ஹபின் பேரறிஞரான இமாம் நவவியே, பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை நீக்குவது விரும்பத்தக்கது என்று எழுதியிருக்கிறார். லாத்தா (என் அக்கா) இதை மார்க்கம் படித்த ஓர் ஆலிமாவிடம் கேட்டு வந்து சொன்ன பிறகுதான் உம்மம்மா என்னை நிம்மதியாக விட்டார். இதே தயக்கத்தில் இருக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்.

லேசர் செய்துகொள்ள மதுரைக்குப் போனேன். முதலில் போன இடத்தில் மாதவிலக்கு பற்றியும் கேட்கவில்லை, என்ன லேசர் என்றும் சொல்லவில்லை. தாடையோடு கன்னத்துப் பூனைமுடி மேலும் ஓட்டினார்கள். சில மாதங்களில் கன்னத்தில் முன்பு இல்லாத கருமுடி வந்தது. பிறகு பார்த்த தோல் மருத்துவர்தான் விளக்கினார். லேசர் முடியிலிருக்கும் கருநிறத்தைப் பிடித்துச் சூடேற்றி வேரைச் சுடுகிறது. மெல்லிய முடியில் அந்தச் சூடு வேரை அழிக்கப் போதாமல், தூண்டிவிட்டுப் போவதும் உண்டு. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள நம் நாட்டுப் பெண்களின் முகத்தில் இப்படி நேர்வது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயமே. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது என்று சொல்லி, கட்டைமுடி இருக்கும் தாடைக்கு மட்டும் செய்தார். நாலைந்து வாரங்களுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். இடையில் பிடுங்கக்கூடாது, நூலும் போடக்கூடாது. வேரில் முடி இருந்தால்தான் லேசருக்கு வேலை. சவரம் செய்துகொள்ளலாம். முடி முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு பேசும் வழக்கம் என்னைவிட்டுப் போயிருக்கிறது.

பாம்பன் சின்னப்பாலம், கடற்பாசி எடுப்பவரின் மகள்:

என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். மாதவிலக்கு நின்ற பிறகு தாடையில் நரைமுடிகள் முள்ளாக முளைத்தன. கண்ணாடி முகமூடியை மாட்டி, தலைத்துணியை இறுகக் கட்டி, நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் முங்கி எழுகிறவருக்கு முகம் எப்போதும் காய்ந்து வெடித்திருக்கும். அந்த முகத்தில் நூல் போட்டால் இரத்தம் கசியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பாசிக்குப் போவார்கள். அதனால் இடைப்பட்ட நாட்களில், தேங்காய் எண்ணெய் பூசித் தோல் இளகிய பிறகுதான் எதையும் செய்வது.

நரைமுடியில் கருநிறம் இல்லாததால் லேசர் பிடிக்காது. மின்சார ஊசியால் ஒவ்வொரு வேராக அழிக்கும் முறைதான் அதற்குப் பலிக்கும். 1875ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கண் மருத்துவர், கண்ணுக்குள் மடங்கி வளர்ந்த இமைமுடியை எடுக்கக் கையாண்ட முறை அது. எங்கள் பக்கத்தில் அதற்கு வசதியும் இல்லை, நாலைந்து முடிக்காக மதுரைக்கு அலைய அம்மாவுக்கு விருப்பமும் இல்லை. சவரம் செய்யலாம் என்றேன். மதினி பதறிவிட்டார், "அத்தைக்குத் தாடி அடர்ந்துவிடும்" என்று. அப்படி ஆகாது. 1928ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் ஆய்வாளர் அளந்து பார்த்து, சவரம் செய்வதால் முடி தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை என்று எழுதிவிட்டார். முனை வெட்டுப்பட்டு மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிமனாகத் தோன்றும், அவ்வளவுதான். இப்போது சோப்பு நுரை போட்டு, முடி சாயும் பக்கமாகவே ரேசரை இழுத்து அம்மாவுக்கு நானே எடுத்துவிடுகிறேன்.

தொண்டி:

எனக்கு நீர்க்கட்டிதான். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். எடுத்த எடுப்பில் முடி குறையவில்லை. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பொறுமையாக இருந்தேன். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது. வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவின் வளர்ச்சியை அது பாதிக்கும். கல்யாணம் நிச்சயமானவர்கள் கூச்சப்படாமல் இதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அக்கா, குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்கிறார் என் மாமியார். பூசலாமா?

மண்டபம், பார்லர் நடத்துபவர்:

பூசிக் காய்ந்த பிறகு தேய்த்தெடுக்கும்போது கொஞ்சம் பூனைமுடி உதிரும், தங்கச்சி. வேர் அப்படியே இருக்கும். கட்டைமுடிக்கு அது உதவாது. குப்பைமேனி சிலருக்குத் தடிப்பைக் கிளப்பும், ஆகவே முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாள் பூசிப் பாருங்கள். மாமியார் மனம் நோகாமல் அதைச் செய்யலாம், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தாளகத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசும் பழைய வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தாளகம் ஆர்செனிக் கலந்தது, விஷம்.

நூல் போடப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவருக்குப் போட்ட நூலை அடுத்தவர் முகத்தில் வைக்கக்கூடாது. நூலின் முனையை வாயில் கடித்துப் போடுவதைவிடக் கழுத்தில் மாட்டிப் போடுவது சுத்தம். புதிய நூல் வேண்டும், கழுத்தில் மாட்டிப் போடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பரு பழுத்திருக்கும் நாளில் வேண்டாம். போட்ட பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி, அன்று முழுவதும் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.