போன் உடைஞ்சு ஈகோர்ட்ஸ் ஆப்ல இருந்த கிட்டத்தட்ட 140 கேஸும் காணோம், எப்படி மீட்கறது?

பவானி வக்கீல்:
வணக்கம், நான் தனியா ப்ராக்டிஸ் பண்றேன், 6 வருஷம் ஆச்சு, ஆபீஸ்ல நானும் குமாஸ்தா அண்ணாவும் மட்டும்தான். திங்கக்கிழமை வண்டியில போறப்ப போன் விழுந்து டிஸ்ப்ளே கறுப்பாயிடுச்சு. புது போன்ல அதே நம்பர், அதே ஜிமெயில் போட்டேன், வாட்ஸ்அப், காண்டாக்ட் எல்லாம் வந்துடுச்சு, ஆனா கோர்ட் கேஸோட வாய்தா பார்க்கற ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்ல, நான் சேர்த்து வெச்ச கேஸ் லிஸ்ட் இருக்கற மை கேசஸ் திறந்தா ஒண்ணுமே இல்ல. ஒரு வருஷமா டைரி எழுதறதையே விட்டுட்டு இதை நம்பித்தான் ஓட்டினேன். நேத்து ஒரு பாகப்பிரிவினை சூட்ல எங்க கட்சிக்காரர் பிரதிவாதி, ரிட்டன் ஸ்டேட்மெண்ட், அதாவது எங்க தரப்பு பதிலுரை போட வாய்தா, எனக்குத் தெரியல, கூப்பிட்டப்ப ஆள் இல்லாம எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு, எங்க தரப்பு வராததா எழுதிட்டாங்க. சாயங்காலம் கட்சிக்காரப் பாட்டி போன் பண்ணி "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்டாங்க, எனக்குப் பேச்சே வரல. யாராவது வழி சொல்லுங்க.

சிவில் சைடு:
மேடம், முதல்ல அந்த சூட்டைப் பாருங்க. டிக்ரி, அதாவது தீர்ப்பாணை ஆகலைன்னா அடுத்த வாய்தாக்குள்ள எக்ஸ்பார்ட்டியை ரத்து பண்ணச் சொல்லி சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 7ல பெட்டிஷன் போடுங்க, ரிட்டன் ஸ்டேட்மெண்டையும் கூடவே ரெடியா வெச்சுக்கங்க. டிக்ரி ஆயிட்டா ரூல் 13, 30 நாள்தான் டைம். போன் ரிப்பேர் பில்லை அஃபிடவிட்டோட சேருங்க.

கம்ப்யூட்டர் தம்பி:
மேடம், மை கேசஸ் லிஸ்ட் போனுக்குள்ளயேதான் சேவ் ஆகும், ஜிமெயில் போட்டா திரும்ப வராது. சிம்மைப் பழைய போன்லயே திரும்பப் போட்டு கால் பண்ணா ரிங் சத்தம் கேக்குதா? கேட்டா உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு, டிஸ்ப்ளே மட்டும் மாத்துங்க, கடையில ரீசெட் பண்ணிடக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. உயிர் வந்ததும் ஆப்ல எக்ஸ்போர்ட் குடுத்தா ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வரும், அதைப் புது போனுக்கு அனுப்பி இம்போர்ட் குடுங்க, அவ்ளோதான்.

சிவில் சைடு:
கடையில போன் லாக் பேட்டர்னை எழுதிக் குடுத்துட்டு வந்துடாதீங்க மேடம், பக்கத்துலயே உக்காருங்க. கட்சிக்காரர் அனுப்பின பத்திரம், வாய்ஸ் எல்லாம் அதுலதான இருக்கும். பழைய சாட்சிய சட்டம் 126வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 132வது பிரிவு, அந்த ரகசியத்தைக் காப்பாத்தற பொறுப்பு நம்மளோடது.

ஈரோடு சீனியர்:
போன் ரெடியாகற வரைக்கும் சும்மா இருக்காதீங்கம்மா, நாளைக்கே எத்தனை வாய்தா இருக்கோ. ஆப்ல அட்வகேட் சர்ச் போய் உங்க எம்எஸ் நம்பரும் (பார் கவுன்சில் பதிவு எண்) வருஷமும் போடுங்க, ஒவ்வொரு கோர்ட் காம்ப்ளெக்ஸுக்கும் தனித்தனியா போடணும். ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, நம்ம வக்காலத்து போட்டிருந்தும் கம்ப்யூட்டர்ல பேர் ஏத்தாம விட்ட கேஸ் இருக்கும், சீனியர்கிட்ட இருந்து வாங்கினது இன்னும் அவர் பேர்லயே நிக்கும். அதனால பீரோல இருக்கற கேஸ் கட்டை ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொரு கேஸுக்கும் தனியா இருக்கற 16 எழுத்து சிஎன்ஆர் நம்பரைப் போட்டுப் பார்த்து சேருங்க, குமாஸ்தாவ வாசிக்கச் சொன்னா வேகமா முடியும்.

இன்னொண்ணு, வாய்தா போட்ட அன்னைக்கே ஆப்ல ஏறிடும்னு நினைக்காதீங்க, சில நாள் தள்ளித்தான் ஏறுது. கோர்ட் ஹால்லயே தேதியை டைரியில எழுதிடுங்க, சாயங்காலம் ஆபீஸ்ல ஒரு கூகுள் ஷீட்ல சிஎன்ஆர், கட்சிக்காரர் பேர், அடுத்த வாய்தா, எதுக்கு நிக்குதுன்னு நாலு கட்டம் போட்டு ஏத்தச் சொல்லுங்க.

பவானி வக்கீல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரிங் கேட்டுச்சு, கடையில ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து டிஸ்ப்ளே மாத்தினேன். எக்ஸ்போர்ட் பண்ணி புது போன்ல ஏத்தினா 138 கேஸ் வந்துடுச்சு, அந்த ஃபைலை எனக்கே மெயில் போட்டு வெச்சுட்டேன், இனி வாராவாரம் சனிக்கிழமை எடுக்கப் போறேன். நேத்து ராத்திரி அண்ணாவோட உக்காந்து கட்டையும் சரி பார்த்தோம், ஆப்ல நான் சேர்க்கவே இல்லாத 5 கேஸ் கிடைச்சுது, அதுல ஒரு செக் கேஸ் வர்ற புதன்கிழமை குறுக்கு விசாரணைக்கு நிக்குது. பாட்டி சூட்ல டிக்ரி ஆகல, ரூல் 7 பெட்டிஷனும் ரிட்டன் ஸ்டேட்மெண்டும் இன்னைக்கு ஃபைல் பண்ணிட்டேன், அவங்களுக்கும் போன்ல சொல்லிட்டேன்.