கேபினில் குளிர் தங்கவில்லை, காற்று எங்கே கசிகிறது? அவசர உதவி

துவாஸ்காரன்:
வணக்கம். படகு கேபினில் ஏர்கான் எவ்வளவு நேரம் ஓடினாலும் குளிர் தங்குவதில்லை, எங்கோ வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஹேட்ச் (மேல்தளத் திறப்பின் மூடி) சட்டம் வேர்த்து மெத்தை மேல் சொட்டுகிறது, பூஞ்சை வேறு. இடுக்கெல்லாம் சிலிகான் பூசி அடைத்துவிடப் போகிறேன். எந்த சிலிகான் நல்லது? சனிக்கிழமை பிள்ளைகளோடு லாசரஸ் தீவில் இரவு தங்குகிறோம், சீக்கிரம் சொல்லுங்கள்.

உப்புக்காத்து:
என்ன படகு, எத்தனை அடி? பெட்ரோலா டீசலா? ஏர்கான் கடல்நீரால் குளிரும் ரகமா?

கெலாங்_மெக்கானிக்:
ஹேட்ச் ரப்பர்தான், வேறெங்கும் தேட வேண்டாம். ஒரு ரசீதுத் தாளை விளிம்பில் வைத்து ஹேட்சை மூடி, தாளை இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. வீட்டுக் கதவுக்கு ஒட்டும் பஞ்சு ரகத்தை வாங்காதீர்கள், தண்ணீர் குடிக்கும். ஈபிடிஎம் ரப்பர் கேளுங்கள்.

மூத்தமாலுமி:
இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதுவது? பழைய இழைகளைப் படித்துவிட்டு வரலாமே தம்பி. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கித் தரைப்பலகைக்கு அடியில் உள்ள பள்ளமான பில்ஜுக்குள் ஓடிவிடும். அது போன இடத்துக்கு மேலே உள்ள இடுக்குகள் வழியாக வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும். கீழே அடைக்காமல் மேலே பூசி என்ன பயன்? நம் சிங்கப்பூர்க் காற்றின் பனிநிலை (ஈரம் துளியாகும் வெப்பநிலை) 24 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதைவிடக் குளிர்ந்த உலோகம் எதுவானாலும் வேர்க்கத்தான் செய்யும்.

கடல்புறா:
சிலிகான் மட்டும் வேண்டாம். ஒருமுறை பூசிவிட்டால் பிறகு அந்த இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் (இடுக்கு அடைக்கும் பசை) ஒட்டாது. ஜன்னல் சட்டத்துக்கு பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) போடுங்கள், நாளை கழற்றவும் முடியும்.

கெலாங்_மெக்கானிக்:
என் படகில் சிலிகான் பல வருடமாக நிற்கிறது. பியூட்டைல் வெயிலில் இளகி வழியும்.

மூத்தமாலுமி:
இரண்டும் இல்லை, பாலியூரித்தேன் சீலன்ட். காற்றின் ஈரத்தில்தான் அது இறுகும், நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தம் எது? ஆனால் ஜன்னல் அக்ரிலிக் என்றால் பாலிசல்பைட் சீலன்ட் பக்கமே போகக் கூடாது, விரிசல் விடும்.

கடல்புறா:
பாலியூரித்தேன் போட்ட ஜன்னலை உடைக்காமல் கழற்றிய ஒருவரைக் காட்டுங்கள் அண்ணே.

துவாஸ்காரன்:
32 அடி ஃபைபர், டீசல், கடல்நீர் ஏர்கான். ரப்பர் புதுசு. ஏர்கான் ஓடும்போது லேசாக டீசல் வாடை வரும். நங்கூரம் போட்டால் பின்தளத்தில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்துக்கொள்வோம்.

உப்புக்காத்து:
சீலன்ட் சண்டையை நிறுத்துங்கள் எல்லாரும். துவாஸ்காரன், டீசல் வாடை வருகிறது என்றால் எஞ்சின் அறைக் காற்று கேபினுக்குள் வருகிறது என்று அர்த்தம். உங்கள் ஏர்கான் படுக்கைக்கு அடியில் இருந்தால், அது காற்றை கேபினிலிருந்து இழுக்காமல் பில்ஜிலிருந்து இழுக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஜெனரேட்டர் இரண்டையும் நிறுத்தி, கரை மின்சாரத்தில் ஏர்கானை மட்டும் ஓடவிட்டு, படுக்கைக்கு அடியில் ஊதுபத்திப் புகையைக் காட்டுங்கள். வயர் நுழையும் ஓட்டைகளில் புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பெட்ரோல், கேஸ் வாடை துளி இருந்தாலும் நெருப்பே வேண்டாம்.

அதைவிட முக்கியம், பின்தளத்தில் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பிள்ளைகளை உள்ளே தூங்க வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பக்கத்துப் படகின் புகைகூட வரலாம். சீலன்ட் வாங்குவதற்கு முன் அலாரம் வாங்கிப் படுக்கை அருகில் மாட்டுங்கள், காற்றோட்டத் துளைகளில் கை வைக்காதீர்கள்.

மூத்தமாலுமி:
இதில் அவர் சொல்வது சரி. ஜெனரேட்டர் வேண்டாம் தம்பி.

துவாஸ்காரன்:
படுக்கைக்குப் பின்னால் எஞ்சின் அறைச் சுவரில் வயர் போகும் இடத்தில் கை நுழையும் அளவு ஓட்டை. ஊதுபத்திப் புகை அங்கிருந்து நேராக ஏர்கானுக்குள் போனது. அடைத்துவிட்டேன், வாடை இல்லை, சட்டமும் வேர்ப்பது குறைந்திருக்கிறது. நன்றி எல்லாருக்கும்.

கெலாங்_மெக்கானிக்:
எதை வைத்து அடைத்தீர்கள்? ஸ்ப்ரே நுரை என்றால் எஞ்சின் பக்கம் தீப்பிடிக்கும், எடுத்துவிடுங்கள்.

உப்புக்காத்து:
அலாரம் மாட்டியாயிற்றா? சனிக்கிழமை ஜெனரேட்டர் இல்லாமல்தானே?