ஆடு புலி ஆட்டம்: தொட்டு விளையாடும் பலகை – அளவு, காய், விதி பற்றிச் சில கேள்விகள்

சுழிப்பலகை எழுதியது:

வணக்கம். புராடக்ட் டிசைன் இறுதியாண்டு. போர்ட்ஃபோலியோவுக்காக ரெண்டு கான்செப்ட் ஓடிக்கிட்டிருக்கு.

முதலாவது, பார்வை உள்ளவங்களும் பார்வை மாற்றுத்திறனாளிகளும் ஒரே பலகையில, ஒரே விதியில, யாருக்கும் சலுகை இல்லாம விளையாடற மாதிரி ஒரு ஆடு புலி ஆட்டம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. உச்சியிலிருந்து நாலு சாய்கோடு இறங்குது. நடுவுல மூணு குறுக்கு வரிசை, வரிசைக்கு 6 புள்ளி. அடியில 4 புள்ளி. மூணு வரிசைகளோட ஓரங்களை ரெண்டு பக்கமும் ஒரு செங்குத்துக் கோடு இணைக்குது. ஏ3 அளவு, 3 மி.மீ. எம்.டி.எஃப்-ல (மரநாரை அழுத்திச் செஞ்ச தகடு) லேசர் கட்டிங். காய்க்கு அடியில சின்ன நியோடிமியம் காந்தம், பலகைக்குள்ள சென்சார், காயை வச்சதும் தமிழ்ல சொல்ற ஒலி. இதுதான் திட்டம்.

இப்போ நிக்கற இடம்:
உச்சிக்குப் பக்கத்துல புள்ளிகள் நெருக்கமா இருக்கு. விரல் வைக்கும்போது பக்கத்துக் காய் சாயுது.
லேசர்ல கோடு போட்டா கைக்குத் தெரியவே மாட்டேங்குது.
பேப்பர்ல ஆடிப் பார்த்தா புலிதான் பெரும்பாலும் ஜெயிக்குது. சுவாரசியத்துக்குப் பகடை சேர்க்கலாமான்னு யோசனை.

ரெண்டாவது கான்செப்ட், மடிச்சுப் பையில வைக்கற துணிப் பல்லாங்குழி. காய்க்குக் குன்றிமணி போடலாம்னு இருக்கேன், சிவப்பும் கறுப்புமா பார்க்க அழகா இருக்கும்.

எதை மாத்தணும், எதை விடணும்?

---

உளிச்சத்தம் எழுதியது:

தம்பி, நெருக்கத்துக்குக் காரணம் முதல் வரிசையை உச்சிக்குப் பக்கத்துலேயே போட்டிருப்பீங்க. நாலு கோடும் உச்சியில குவியறதால, வரிசை எவ்வளவு மேல போகுதோ அவ்வளவு இடைவெளி சுருங்கும். வரிசைகளைச் சம தூரத்துல வைக்கணும்னு விதி ஒண்ணும் இல்ல. எந்தப் புள்ளிக்கு எது பக்கம், எது நேர்கோடு, இது ரெண்டு மாறாம இருந்தா ஆட்டம் அதே ஆட்டம்தான்.

ஏ3-க்குள்ள இப்படி அமையும்: உச்சியிலிருந்து அடிவரிசை வரைக்கும் 360 மி.மீ. அடிவரிசையில புள்ளிக்குப் புள்ளி 70. முதல் வரிசையை உச்சியிலிருந்து 180-ல வைங்க, ரெண்டாவது 234, மூணாவது 288. அப்போ சாய்கோட்டுப் புள்ளிகளோட இடைவெளி வரிசையா 35, 45.5, 56 வரும். ஓரச் செங்குத்துக் கோடு நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் 125-ல. மிகக் குறைஞ்ச இடைவெளி 35. காயோட விட்டம் 16-ஐத் தாண்டாம வச்சா நடுவுல 19 மி.மீ. இருக்கும், ஒரு விரல் தாராளமா இறங்கும்.

லேசர்ல மேலோட்டமா எரிச்ச கோடு கால் மி.மீ. ஆழம்கூட வராது. கண்ணுக்குக் கறுப்பாத் தெரியும், விரலுக்கு ஒண்ணுமில்ல. மேல் அடுக்கை முழுசா வெட்டித் திறந்துடுங்க: 2.5 மி.மீ. அகலப் பள்ளம், 3 மி.மீ. ஆழம். இதுல ஒரு கண்ணி இருக்கு. கோடுகளை ஒண்ணோடொண்ணு சேர்த்து வெட்டினா நடுவுல உள்ள கட்டம் எல்லாம் தனித்தனித் துண்டாக் கழன்று விழும். அதனால ஒவ்வொரு பள்ளத்தையும் புள்ளியோட மையத்துக்கு 10 மி.மீ. முன்னாடியே நிறுத்துங்க. தகடு ஒரே துண்டா நிக்கும். பள்ளத்துல வர்ற விரலுக்கும் "இங்க ஒரு புள்ளி இருக்கு"ன்னு அந்த மேடு சொல்லிடும்.

உச்சிக்குக் கீழ முதல் 60 மி.மீ.க்குப் பள்ளம் வேண்டாம். அங்க கோடுகளோட இடைவெளி 12 மி.மீ.க்கும் கீழ போயிடும், விரல் நுனியால பிரிச்சறிய முடியாது. அந்த முக்கோணத்து மேல 2 மி.மீ. தகடு ஒட்டிடுங்க. அதுல நுழையற நாலு பாதையும் உச்சிக்குப் போகுதுன்னு ஒரு தடவை சொன்னாப் போதும்.

காய் நிக்கறதுக்குக் குச்சியும் துளையும். 6 மி.மீ. உருண்டை மரக்குச்சி, 9 மி.மீ. ஆழத் துளை, அதாவது மூணு அடுக்கு. கடையில 6-ன்னு விக்கற குச்சி 5.8-லும் வரும் 6.2-லும் வரும். லேசர் வெட்டு மேல அகலமாவும் கீழ குறுகலாவும் இருக்கும். அதோட வார்னிஷ் ஏறும், மழைக்காலத்துல மரம் ஒரு பக்கமா உப்பி நீள்வட்டமாகும். அதனால 6.0-லிருந்து 6.8 வரை 0.1 ஏத்தி ஒன்பது துளை உள்ள ஒரு சோதனைப் பட்டையை முதல்ல வெட்டி, வார்னிஷ் அடிச்ச குச்சியை விட்டுப் பாருங்க. ஒரு கையால காயைத் தூக்கும்போது பலகை கூடவே எழும்பினா துளை இறுக்கம். பெரும்பாலும் 6.4 இல்ல 6.5-ல வந்து நிக்கும்.

எம்.டி.எஃப்-ஐ ரெண்டு முகத்துலயும் ஓரத்துலயும் ஒரே அளவு சீலர் (ஈரம் புகாம தடுக்கற பூச்சு) அடிக்கணும். மேல் முகம் மட்டும் அடிச்சா, அடிமுகம் ஈரத்தை உறிஞ்சி ஏ3 பலகை படகு மாதிரி வளையும்.

---

தொடுபுள்ளி எழுதியது:

கான்செப்டோட மையம் ரொம்பச் சரியா இருக்கு, அதை விட்டுடாதீங்க. ஒரே பலகை, ஒரே விதி.

இந்த மாதிரிப் பலகைக்கு நல்ல முன்னோடி பார்வை மாற்றுத்திறனாளிகளோட சதுரங்கப் பலகை. கறுப்புக் கட்டம் கொஞ்சம் உயரமா இருக்கும். ஒவ்வொரு கட்டத்துலயும் துளை, ஒவ்வொரு காய்க்கும் அடியில முளை. கறுப்புக் காயோட தலையில ஒரு தனி அடையாளம். நகர்த்தினதை வாய்விட்டுச் சொல்றது விதியிலேயே இருக்கு. பேட்டரி இல்லாம, பழுதாகாம இது நடக்குது. உங்க ஒலிப்பெட்டி செய்யப்போற வேலையை எதிராளியோட வாய் இலவசமாச் செய்யும். அதனால சென்சாருக்கு முன்னாடி புள்ளிகளுக்குப் பேர் வைங்க. உச்சி, பிறகு முதல் வரிசை ஒண்ணிலிருந்து ஆறு, இப்படி. "ரெண்டு மூணு" என்றால் ரெண்டாம் வரிசை, இடமிருந்து மூணாம் புள்ளி. அடிவரிசைக்கு "அடி ஒண்ணு", "அடி ரெண்டு". எதிரெதிரா உட்கார்ந்தா ஒருத்தரோட இடது இன்னொருத்தருக்கு வலதாயிடும். எப்பவும் அடிவரிசைப் பக்கம் உட்கார்றவரோட இடதுன்னு முடிவு பண்ணி, அந்த மூலையில ஒரு வெட்டுக்குறி கொடுங்க.

காயை உயரத்தால மட்டும் பிரிக்காதீங்க. பலகையை மேலிருந்து மெதுவாத் தடவிப் படிக்கற கை, காயோட தலையைத்தான் முதல்ல தொடும். ஆட்டுக்குத் தட்டையான தலை, 15 மி.மீ. உயரம். புலிக்கு 25 மி.மீ. உயரம், தலையில குறுக்கா ஒரு பள்ளம். நிறமும் எதிரெதிரா இருக்கட்டும். பார்வை குறைவானவங்க நிறைய பேருக்கு அடர் நீலத்து மேல மஞ்சள் நல்லாப் பிடிபடும். வெட்டுப்பட்ட ஆடுகளுக்கு 5க்கு 3-ன்னு 15 துளை உள்ள தட்டு வேணும், எத்தனை போச்சுன்னு கை வச்சதும் தெரியணும். பலகையில எழுத்து இருந்தா பாரதி பிரெயில்ல (இந்திய மொழிகளுக்கான பிரெயில்) வைங்க. புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., உயரம் அரை மி.மீ. அழகுக்காகப் பெரிசாக்கினா படிக்க வராது.

ஒரு முக்கியமான விஷயம். வகுப்புத் தோழர்களோட கண்ணைக் கட்டி ஆடவிட்டு "சோதிச்சாச்சு"ன்னு எழுதாதீங்க. கண்ணைக் கட்டினவங்களுக்குத் தொடு பழக்கம் கிடையாது, அவங்க தடுமாறுவாங்க. அதைப் பார்த்து நீங்க எல்லாத்தையும் பெரிசாக்குவீங்க. பிரெயில் படிக்கற கைக்கு அந்தப் பெரிய பலகை வீண் அலைச்சல். பூந்தமல்லியில பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பள்ளி இருக்கு, முட்டுக்காட்டுல பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு. கல்லூரி மூலமா அனுமதிக் கடிதம் போடுங்க. முடிஞ்ச மாதிரியைக் கொண்டுபோகாம, துளை மட்டும் போட்ட முதல் பலகையையே கொண்டுபோங்க. அந்தக் கட்டத்துல சொன்னாத்தான் மாத்த மனசு வரும்.

---

காய்நகர்த்தி எழுதியது:

பகடை வேண்டாம். இந்த ஆட்டத்தில் எதுவும் மறைவாக இல்லை, எதுவும் தற்செயல் இல்லை. அதுதான் அதன் உயிர். புலி ஜெயிப்பதற்குக் காரணம் விதியில் இல்லை, ஆடு வைப்பவர்கள் வைக்கும் இடத்தில் இருக்கிறது.

நீங்கள் சொன்ன அமைப்பையே எடுத்துக்கொள்வோம். புலி ஆட்டைத் தாண்டி வெட்ட, ஆட்டுக்கு இரு பக்கமும் ஒரே கோட்டில் புள்ளி இருக்க வேண்டும். ஒரு கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டை அந்தக் கோட்டில் வெட்ட முடியாது. தன் வழியே போகும் எல்லாக் கோடுகளுக்கும் முனையாக இருக்கும் புள்ளிகள் மொத்தம் 7: உச்சி, முதல் வரிசையின் இரு ஓரம், மூன்றாம் வரிசையின் இரு ஓரம், அடிவரிசையின் இரு ஓரம். ஆட்டத் தொடக்கத்தில் உச்சியில் புலி இருக்கும். ஆக ஆட்டுக்கு 6 பாதுகாப்பான இடம் காலியாகக் கிடைக்கிறது. புதியவர்கள் இவற்றை விட்டுவிட்டு நடுவில் வைக்கிறார்கள், இரண்டாம் மூன்றாம் ஆட்டிலேயே வெட்டு விழுகிறது.

உங்கள் பலகைக்கு இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த 7 துளைகளைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையம் கொடுங்கள். விதிப்புத்தகம் படிக்காத குழந்தையும் வளையத்தில் வைத்தால் ஆடு பிழைக்கும் என்று இரண்டு ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடும். பார்க்கிறவருக்கும் தொடுகிறவருக்கும் ஒரே குறிப்பு.

ஆடு பக்கம் கற்றுக்கொடுக்க இன்னொன்று: உச்சியில் நிற்கும் புலியை ஆடுகளை மட்டும் கொண்டு அடைக்க வேண்டுமென்றால் முதல் வரிசையின் நடு நான்கும், அவற்றுக்கு நேர்கீழே இரண்டாம் வரிசையின் நான்கும் நிறைய வேண்டும். அதாவது 8 ஆடு. முதல் நான்கை மட்டும் நிரப்பினால் புலி தாண்டி வந்துவிடும்.

சமநிலையைச் சரிசெய்ய விதியைத் திருத்துவதைவிட எளிய வழி உண்டு. இரண்டு சுற்று ஆடச் சொல்லுங்கள், பக்கத்தை மாற்றிக்கொண்டு. யார் புலியாக இருந்தபோது அதிக ஆடு வெட்டினாரோ அவர் வென்றவர். புலிப் பக்கம் வலுவாக இருந்தாலும் இருவருக்கும் அந்த வலு ஒருமுறை கிடைத்துவிடும். எத்தனை ஆடு வெட்டினால் சுற்று முடியும் என்பது ஊருக்கு ஊர் மாறும். 6 என்று தொடங்கிப் பாருங்கள். கூடவே, ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் சுற்று முடிந்தது என்று வையுங்கள். இல்லாவிட்டால் புலி இரு புள்ளிக்கு இடையே போய்வந்தே காலம் கடத்தும்.

சோதனையில் குறிக்க வேண்டியவை: யார் எந்தப் பக்கம், முதல் வெட்டு எத்தனையாவது ஆட்டில், மொத்த வெட்டு, எடுத்த நேரம், ஏன் முடிந்தது. ஒரு தடவைக்கு ஒரு விதியைத்தான் மாற்ற வேண்டும். வளையமும் வெட்டு எண்ணிக்கையும் ஒன்றாக மாறினால் எது வேலை செய்தது என்று ஜூரி கேட்கும்போது பதில் இருக்காது.

---

ஈயப்பற்று எழுதியது:

சென்சார் வேணும்னு மதிப்பெண்ணுக்காகச் சொன்னா, தனி மாதிரியாச் செய்யுங்க. ரீட் சுவிட்ச் வேண்டாம், காந்தம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும்; புலியா ஆடான்னு தெரியாது. 49இ மாதிரி அனலாக் ஹால் சென்சார் (காந்தப்புலத்தை அளக்கற சில்லு) எடுத்து, புலிக் காந்தத்தை வடமுனை கீழ, ஆட்டுக்குத் தென்முனை கீழன்னு வைங்க. காந்தம் இல்லாதப்போ 5 வோல்ட்ல பாதி வரும், ஒண்ணுக்கு ஏறும், இன்னொண்ணுக்கு இறங்கும். ஆர்டுயினோ நானோ போர்டுல (சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) 23 அனலாக் உள்ளீடு கிடையாது. பல சென்சாரை ஒண்ணொண்ணா ஒரே உள்ளீட்டுக்கு அனுப்பற 16 சேனல் மல்டிபிளெக்சர் 4067 ரெண்டு போட்டா 32 வரைக்கும் போகும். ஒலிக்கு டி.எஃப்.பிளேயர் மினி (மெமரி கார்டுல உள்ள ஒலியைப் பாடற சின்னப் பலகை). அதோட ஆர்.எக்ஸ் கம்பியில (கட்டளை வாங்கற கம்பி) 1 கிலோ ஓம் போடலைன்னா இரைச்சல் வரும். ஃபைலைப் பேரால கூப்பிடுங்க. வெறும் எண்ணால கூப்பிட்டா கார்டுல காப்பி பண்ணின வரிசையில பாடும், "உச்சி"ன்னு சொல்ல வேண்டிய இடத்துல வேற ஏதாவது சொல்லும்.

---

முத்திரைவிதி எழுதியது:

காந்தத்தின் ஆபத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் சொல்கிறேன். இது விற்பனைக்கு வர வேண்டுமென்றால் காந்தம் கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை கட்டாயம், சோதனை ஐ.எஸ். 9873-இன்படி. அதில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருளைக்குள் முழுதாக அடங்கும் பொருள் எல்லாம் சிறுபாகம். உங்கள் 16 மி.மீ. காய் அதற்குள் போய்விடும். அப்படிப்பட்ட காயில் இருக்கும் காந்தத்தின் வலுக்குறியீடு (எவ்வளவு வலுவாக ஈர்க்கும் என்பதைக் காட்டும் எண்) 50-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு சிறிய நியோடிமியம் காந்தம் அதைப் பல மடங்கு தாண்டும். காரணம் எளிது: இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும், அறுவை சிகிச்சைதான் வழி. மரத்துக்குள் புதைத்தாலும் காய் முழுசாக விழுங்கும் அளவில்தானே இருக்கிறது.

குன்றிமணியையும் இப்போதே கைவிடுங்கள். அதில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதையின் கடினமான தோல் ஓரளவு காக்கும். கடித்தாலோ, கோர்ப்பதற்குத் துளை போட்டாலோ அந்தக் காப்பு போய்விடும். அதே சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி விதை இருக்கிறது. அளவும் எடையும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அதுவும் சிறுபாகம்தான், மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. துணிக்குழி அமுங்கி விதை தெறிக்கும் என்பதால் 12 மி.மீ. ஈ.வி.ஏ. (நுரைப் பிளாஸ்டிக்) தகட்டில் 60 மி.மீ. குழி வெட்டி, அடியில் துணி ஒட்டி, ஏழு பத்தியையும் விசிறி மடிப்பாக மடிக்கலாம். 70க்கு 150, உயரம் 84 மி.மீ. வரும், சாப்பாட்டு டப்பா அளவு.

காப்புரிமை கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். விளையாடும் முறைக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(எம்) இடம் தராது. ஆடு புலி ஆட்டம் யாருக்கும் தனிச்சொத்தும் இல்லை. பலகையின் தோற்றத்தை, காயின் வடிவத்தை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் கல்லூரிக் கண்காட்சியிலோ இணையத்திலோ படம் போட்டபின் விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று மறுக்க முடியும். பதிவு எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு போர்ட்ஃபோலியோ.

---

சுழிப்பலகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. காந்தம், பகடை, குன்றிமணி மூணும் போச்சு. இந்த வாரம் சோதனைப் பட்டையும் துளைப் பலகையும் வெட்டறேன், பள்ளிக்கு அனுமதிக் கடிதம் துறைத்தலைவர்கிட்ட கொடுத்துடறேன். உளிச்சத்தம் அண்ணே, மூணு அடுக்கையும் ஒட்டும்போது துளைகள் நேரா நிக்க என்ன பண்றது? ஃபெவிகால் போதுமா?

---

உளிச்சத்தம் எழுதியது:

போதும், ஆனா மெல்லிசாத் தடவணும். அதிகமானா பள்ளத்துக்குள்ள பிதுங்கிக் காஞ்சு, விரலுக்கு முள்ளு மாதிரி நிக்கும். மூணு மூலையில ஓரமா 6 மி.மீ. துளை கூடுதலா வெட்டி, குச்சியை மெழுகு தடவிச் சொருகி அடுக்குங்க; அடுக்குகள் நகராது, காஞ்சதும் குச்சி உருவ வரும். நாலாவது மூலையை விட்டுடுங்க, அங்கதான் தொடுபுள்ளி அக்கா சொன்ன வெட்டுக்குறி வரணும். ஒட்டினதும் சமதளத்துல வச்சு மேல எடை ஏத்தி ஒரு ராத்திரி விடுங்க. ஈரமா இருக்கும்போதே ஒரு மரக்குச்சியை 23 துளையிலயும் விட்டு எடுத்துடுங்க, உள்ள பிதுங்கின பசை அப்பவே வந்துடும்.