சிறிய கடனுக்கும் வழக்குப் போடுவார்களா?

மருதம்:
வழக்கு என்றால் நீதிமன்றக் கட்டணம், வக்கீல் செலவு, மாதக்கணக்கில் அலைச்சல். சிறு தொகைக்கு எந்த நிறுவனமும் படியேறாது. தொலைபேசியில் நச்சரிப்பார்கள், கடிதம் போடுவார்கள், வசூல் முகவரை அனுப்புவார்கள், கடைசியில் வாராக்கடன் என்று தள்ளுபடி செய்துவிடுவார்கள். அதுவரை வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.

கணக்கர்:
முற்றிலும் மறுக்கிறேன், மருதம். பேரேட்டில் தள்ளுபடி செய்தால் கடன் தீர்ந்ததாகாது. அதை அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் 2013 அறிக்கைப்படி, ஒரு டாலர் கடனுக்குக் கொடுக்கப்பட்ட சராசரி விலை 4 சென்ட். அப்படி வாங்கியவருக்குச் சிறு தொகையும் லாபம்தான். ஒரே மனுவில் பெயரையும் தொகையையும் மாற்றிக் கட்டுக்கட்டாகத் தாக்கல் செய்கிறார்கள். நீங்கள் சொல்லும் மௌனத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது! பிரதிவாதி வராவிட்டால் ஒருதரப்புத் தீர்ப்பு. வட்டி சரியா என்று கேட்க ஆளிருக்காது. பிறகு சம்பளத்தில் கைவைப்பார்கள்.

மருதம்:
வழக்குப் போடுவதற்கான காலவரம்பை மறந்துவிட்டீர்களே! பிணையில்லாக் கடனுக்கு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6. ஸ்காட்லாந்தில் வழக்கோ ஒப்புதலோ இல்லாமல் 5 ஆண்டு கடந்தால் கடனே அழிந்துவிடும். ஜப்தி செய்ய ஒன்றுமில்லாதவர் மீது டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை, வாங்கி என்ன பயன்? "கொஞ்சமாவது கட்டுங்கள்" என்று முகவர் குழைவதும் அந்தக் காலவரம்பை நீட்டிக்கத்தான்.

கணக்கர்:
அந்த எச்சரிக்கை நியாயமானது. கெடு முடியுமுன் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ இந்தியாவிலும் இங்கிலாந்திலும் காலம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். ஆனால் கடன் கொடுத்தவரும் அதே நாள்காட்டியைத்தான் பார்க்கிறார். கெடு நெருங்கும்போது வழக்கு வரும். இந்தியாவில் டிக்ரியை 12 ஆண்டுகள் வரை நிறைவேற்றக் கோரலாம். இன்று கையில் ஒன்றுமில்லாதவருக்கு அதற்குள் வேலை கிடைக்காதா?

நெய்தல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்குச் சம்மன் வந்திருக்கிறது. கடன் கொடுத்த வங்கியின் பெயர் அதில் இல்லை, கேள்விப்படாத ஒரு நிறுவனம். பணம் கேட்கும் கடிதம் என்று நினைத்து அலமாரியில் போட்டுவைத்திருக்கிறார்.

கணக்கர்:
உடனே எடுத்துத் தேதியைப் பாருங்கள், நெய்தல். அந்தத் தேதிக்குள் எழுத்துமூலம் பதில் போக வேண்டும். கடன் கைமாறிய பத்திரத்தையும் முழுக் கணக்கையும் கேளுங்கள். கடைசியாக எப்போது பணம் கட்டினார் என்று பாருங்கள்; காலவரம்பு கடந்திருந்தால் பதிலில் அதைத் தவறாமல் எழுதுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

மருதம்:
இதில் கணக்கர் சொல்வதையே செய்யுங்கள், நெய்தல். முகவரிடம் வாய் கொடுக்க வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை, சம்மன் வேறு. நாளைக்கே போகச் சொல்லுங்கள்.