சொலிடிட்டி பழக டொக்கர் வேணுமா, வேணாமா?

வாவிக்கரை:
வந்தாறுமூலை, ஒலுவில் கம்பஸ் பிள்ளையள் சேர்ந்து ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் (பிளாக்செயின்ல ஓடுற நிரல்) பழகப் போறாங்க, அத எழுதுற மொழிதான் சொலிடிட்டி. எல்லாம் 8 ஜீபி ரேம் விண்டோஸ் லெப்டொப். ஃபவுண்ட்ரிய (சொலிடிட்டி கோட கம்பைல் பண்ணிச் சோதிக்கிற கருவி) டொக்கர் இமேஜாவே குடுப்பம் எண்டு சொல்றன். இமேஜ் எண்டா தேவையான எல்லாத்தையும் சேர்த்துக் கட்டின பொதி, அத ஓட்டினா கொன்டெய்னர் எண்ட தனிப் பெட்டி. ஒருத்தர் நெட்ல இருந்து இழுத்து, டொக்கர் சேவ் குடுத்து, டார் கோப்ப பென்டிரைவ்ல ஏத்தினாச் சரி. மற்றவங்க டொக்கர் லோட் பண்ணுவாங்க, டேட்டா மிச்சம்.

கல்முனைச்சந்தி:
வீண் வேலை மச்சான். போர்ஜ், காஸ்ட், அன்வில், சிசல் எண்டு நாலு பைனரிதான். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற வசதி) உபுண்டுக்குள்ள போட்டா முடிஞ்சிது. பதிப்புக் குழப்பத்துக்கும் டொக்கர் மருந்தில்ல. கோட்ல ப்ராக்மா (கம்பைலர் பதிப்பச் சொல்ற வரி) ^0.8.20 எண்டு கிடந்தா, போர்ஜ் பொருந்துற பதிப்புல ஆகப் புதுசத்தான் எடுக்கும், கொன்டெய்னருக்குள்ளயும் அப்பிடித்தான். ஃபவுண்ட்ரி.டொமல் எண்ட அமைப்புக் கோப்புல சொல்க் (சொலிடிட்டி கம்பைலர்) பதிப்பையும் ஈவிஎம் (கொன்ட்ராக்ட ஓட்டுற எதேரியம் எந்திரம்) பதிப்பையும் எழுதி வைங்க. சொல்க் 0.8.20ல இருந்து இயல்பு ஈவிஎம் இலக்கு ஷாங்காய், 0.8.25ல இருந்து 0.8.29 வரைக்கும் கான்கூன். ஷாங்காயோட வந்த புஷ்0 கட்டளை தெரியாத செயின்ல டிப்ளோய் பண்ணினா விழும்.

வாவிக்கரை:
டொமல் கதை சரி. ஆனா ரேமுக்குப் பயந்தா டொக்கர் டெஸ்க்டொப்பே வேணாம், டபிள்யூஎஸ்எல்லுக்குள்ள டொக்கர் எஞ்சின் மட்டும் போதும். கோட சி டிரைவ்ல வெக்காம லினக்ஸ் பக்கம் வைங்க, இல்லாட்டி கம்பைல் நத்தையா நகரும்.

மருதமுனைத்தறி:
வொலட் சாவியப் (காச ஆளுற ரகசிய எண்) பத்தி ஒருத்தரும் கதைக்கல்லயே. ஹார்ட்ஹாட் (ஃபவுண்ட்ரி மாதிரி இன்னொரு கருவி) எண்டா என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பொதிகள இறக்கிறது). இன்ஸ்டோல் பண்ணக்குள்ளயே பொதிகள்ற போஸ்ட்இன்ஸ்டோல் ஸ்கிரிப்ட் ஓடும். அதுல ஒண்டு கெட்ட ஸ்கிரிப்ட் எண்டா? டபிள்யூஎஸ்எல்லுக்குள்ள இருந்து பார்த்தா சி டிரைவ் முழுக்கத் திறந்து கிடக்கு, ப்ரௌசர் வொலட்டும் அதுக்குள்ளதான். கொன்டெய்னர் எண்டா ப்ரொஜெக்ட் ஃபோல்டர மட்டும் மவுன்ட் பண்ணலாம் (உள்ள காட்டலாம்).

கல்முனைச்சந்தி:
ஹோம் ஃபோல்டர மவுன்ட் பண்ணாம, டொக்கர் சொக்கெட்ட (டொக்கரையே ஆளுற வாசல்) உள்ள குடுக்காம இருந்தா மட்டும்தான் அது பாதுகாப்பு. கன டொக்கர்ஃபைல்ல (இமேஜ் கட்டுற குறிப்பு) எல்லாத்தையும் கொப்பி பண்ணி, சாவி எழுதி வெக்கிற .என்வ் கோப்பும் இமேஜுக்குள்ள போயிரும். அடுத்த வரியில அழிச்சாலும் இமேஜின்ட முந்தின லேயர்ல (அடுக்குல) கிடக்கும். அந்த இமேஜத்தான் பென்டிரைவ்ல ஊர் சுத்த விடப் போறீங்க!

மருதமுனைத்தறி:
.டொக்கர்இக்னோர்ல .என்வ் எழுதினா அது போகாது. உண்மையா அடிவாங்கிறது வேற இடம். அன்வில் (லெப்டொப்லயே ஓடுற சோதனைச் செயின்) இயல்பா 127.0.0.1லதான் (அந்த மெஷினுக்கு மட்டும்) கேட்கும். கொன்டெய்னருக்குள்ள அது கொன்டெய்னரையே குறிக்கும், போர்ட் திறந்தும் மெட்டாமாஸ்க் வொலட் சேராது. அன்விலுக்கு ஹோஸ்ட் 0.0.0.0 குடுங்க, ஆனா போர்ட்ட 127.0.0.1:8545:8545 எண்டு கட்டுங்க. வெறும் 8545:8545 போட்டா விடுதி வைஃபையில உள்ளவனுக்கும் திறக்கலாம். செயின் ஐடி 31337. அன்வில் தாற 10 கணக்குச் சாவியும் உலகத்துக்கே தெரியும், அதுகளுக்கு உண்மையான காசு அனுப்பக் கூடாது.

வாவிக்கரை:
இன்னொண்டு. டொக்கர் ரன்ல ஆர்எம் கொடி (ஓடி முடிய கொன்டெய்னர அழிக்கிறது) போட்டா, இறக்கின சொல்க்கும் கொன்டெய்னரோட போயிரும், ஒவ்வொருக்காவும் திரும்ப இறங்கும். பில்ட் பண்ணக்குள்ளயே இறக்கி வைங்க. இமேஜ்ல இல்லாத யூஐடியில (பயனர் எண்ணுல) ஓட்டினா ஹோம் '/' ஆயிரும், சொல்க் எழுத இடமில்லாம அனுமதிப் பிழை வரும். ஹோம் எண்ட சூழல் மாறிய எழுதக்கூடிய இடத்துக்குக் காட்டுங்க.

கல்முனைச்சந்தி:
பார்த்தீங்களா, நாலு பைனரிக்கு எவ்வளவு சடங்கு! ஹார்ட்ஹாட்காரருக்கு ஓம், கொன்டெய்னர் சரி. ஃபவுண்ட்ரி மட்டும் எண்டா நான் மாறல்ல. இழுக்கிறதெண்டா லேட்டஸ்ட் டேக்க விட்டுட்டு பதிப்பு எண்ணோட இழுங்க, இல்லாட்டி பென்டிரைவ்ல போனது ஒண்டு, பிறகு இழுத்தது வேறொண்டு.