எல்எஃப்டி (லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்) வருஷா வருஷம் எடுக்கறதுல நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?

மழைத்துளி:
வயசு 36, குடிக்க மாட்டேன், உடம்புல ஒரு தொந்தரவும் இல்ல. செக்கப்ல எஸ்ஜிபிடிங்கற லிவர் என்சைம் மட்டும் 58னு வந்திருக்கு, லேப் லிமிட் 40. எஸ்ஜிஓடி (லிவர், தசை ரெண்டுலயும் இருக்கற இன்னொரு என்சைம்) 34, மத்ததும் நார்மல். மூணு நாளா சரியா தூக்கம் இல்ல. ஆனா எங்க மாமாவுக்கு எஸ்ஜிபிடி எப்பவும் நார்மலாதான் வரும், கடைசில பாத்தா சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறிப் போச்சு. நோய் இருந்தவருக்கு ஏறல, நல்லா இருக்கற எனக்கு ஏறுது, அப்புறம் இந்த டெஸ்ட்ட எதுக்குங்க எடுக்கறோம்?

லேப்_வேலை:
எஸ்ஜிபிடி லிவர் எப்படி வேலை செய்யுதுன்னு அளக்கவே இல்லங்க, செல் அடிபட்டா உள்ள இருக்கற என்சைம் ரத்தத்துல கசியும், அந்தக் கசிவைத்தான் பாக்கறோம். சிரோசிஸ்ல நிறைய பேருக்கு கசிவு அடங்கி தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கும், மாமாவுக்கு அப்படித்தான் இருந்திருக்கணும். வேலை தெரியணும்னா அல்புமின், பிலிருபின், அப்புறம் ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பாக்கற பிடி ஐஎன்ஆர், இது எல்எஃப்டி பேனல்ல பெரும்பாலும் வராது, தனியா எழுதணும். இன்னொண்ணு, நார்மல் ரேஞ்ச்ங்கறதே ஆரோக்கியமானவங்க 100 பேர்ல 95 பேர் உள்ள வர்ற மாதிரி வெச்ச கோடு, மீதி 5 பேர் நோய் இல்லாமலே வெளிய நிப்பாங்க.

மழைத்துளி:
முந்தின நாள் ஜிம்ல வெயிட் தூக்கினேன், அதனாலயா இருக்குமா?

லேப்_வேலை:
தசையா இருந்தா எஸ்ஜிஓடிதான் அதிகமா ஏறும், உங்களுக்கு அது நார்மல். ஜிம் மேல பழி போட்டு விட்டுடாதீங்க.

காலைநடை:
பிரயோஜனம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ். டிபி மாத்திரை சாப்பிட்டப்ப எனக்கு எஸ்ஜிபிடி பல மடங்கு ஏறிடுச்சு, டாக்டர் உடனே நிறுத்தி, இறங்கினதும் ஒவ்வொண்ணா திரும்ப ஆரம்பிச்சார், அந்த டெஸ்ட் இல்லன்னா என் லிவர் என்னாயிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. காரணத்தோட எடுத்தா இது பொக்கிஷம், சும்மா பேக்கேஜ்ல வந்தா குழப்பம்தான் மிஞ்சுது. ஹெபடைடிஸ் பி, சி, ஃபேட்டி லிவர் மூணையும் பாத்துருங்க. பிளேட்லெட் எவ்வளவு?

மழைத்துளி:
2,40,000.

லேப்_வேலை:
ஃபைப்-4னு லிவர் தழும்பை கணிக்கற ஒரு கணக்கு போட்டேன், வயசு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நாலும் சேத்து 0.67 வருது. 1.3க்கு கீழன்னா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி. காலைநடை சொன்னதையும் எடுத்துட்டு, டாக்டர் சொல்ற தேதில எஸ்ஜிபிடிய ரிபீட் பண்ணுங்க, இன்னைக்கு தூங்குங்க.